கரைமணி டொலறஸ்

டொலறஸ் ஓரிடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்து எத்தனையோ வருடமாகிறது. ஒரு கையில் கோப்பை, மறுகையில் ஃபோன். குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் நடந்தபடியேதான் குடிப்பாள். லண்டனின் நோர்பரியில் அவர்களுடைய வீடு ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. உள்ளே ஒடுக்கமான நடையின் கம்பளம் நடுவில் வெளிறிக் கிடந்தது.

"டிப்போவிலை பஸ்ஸுக்கு மைலேஜ் பாக்கிறமாதிரி உமக்கும் ஒரு மீற்றர் பூட்டவேணும்," என்பான் புருசன் ஜெராட். பஸ் திருத்துகிற வேலை அவனுக்கு. "வருசத்துக்கு ஒருக்கா சேர்விசுக்கும் விடலாம்."

"நீங்கள் முதல் உங்கட வண்டியைக் குறையுங்கோ," என்று அவன் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடப்பாள்.

நடக்காமல் எப்படி? அவள் கண் விழிக்கிற நேரத்துக்கு மன்னாரில் பாதிப் பகல் கழிந்திருக்கும். கனடாவில் ஆஸ்பத்திரியில் கிடந்த யாரோ ஒருவர் அவள் நித்திரையாய் இருந்தபோது கண்ணை மூடியிருப்பார். பாரிஸில் ஒரு குடும்பம் அறிவித்தலுக்குப் படம் தேடிக்கொண்டிருக்கும். அவளுடைய தொழில் நாலு நாட்டு நேரத்தில் ஓடியது. அந்தத் தொழிலின் பெயர் 'கரைமணி'. மன்னார்க் கரையோர ஊர்களின் செய்தி சொல்லும் வலைப்பூ என்று தலைப்பில் போட்டிருந்தாலும் சனம் அதைத் திறந்தது ஒரேயொரு விசயத்துக்குத்தான்: யார் செத்தது என்று பார்க்க.

தொடங்கும்போது அவள் இதை நினைத்திருக்கவே இல்லை. 2016இல் மகள் பெனிற்றாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வலைப்பூ திறந்து காட்டும்படி வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, எழுத விசயம் இல்லாமல் தாயிடம் கேட்டது. டொலறசுக்கு அப்போது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் குசினியில் வேலை. அவள் எழுதிக் கொடுத்தது தமிழ்ப் பூசை நேரம், ஊர்ப் பெருநாளின் படங்கள், ஃபிளற்றில் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு ஃபோன் அடித்து முறையிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு. பெனிற்றாவுக்குப் புள்ளி கிடைத்தது. பிள்ளை அதை மறந்துவிட்டது. தாய் விடவில்லை.

மூன்று வருடத்தில் நாற்பத்தாறு பதிவுகள். வாசித்தவர்கள் அவளுடைய தங்கை, தங்கையின் மாமியார், ரஷ்யாவிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்துபோன ஏதோ ஒரு இயந்திரம். ஜெராட் அந்த இயந்திரத்தை "உம்மட ரசிகன்" என்றான்.

பிறகு பாரிஸில் டொலறசின் தாயின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இறந்தார். "நீதானே எழுதுறனி, மரண நோட்டீசை நீயே போடு" என்றார்கள். போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவரைக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோனை எடுத்துப் பார்த்தால் நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர் வந்துபோயிருந்தார்கள். புள்ளி தப்பான இடத்தில் விழுந்ததோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள்.

அடுத்த வருடம் நோய் வந்தது. அடக்கத்துக்குப் பத்துப் பேருக்குமேல் போகக்கூடாது, கோயில் பூட்டு, விமானம் இல்லை. அழுவதற்கு வீட்டில் இருந்தபடி சனத்துக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த வருடத்தைப் பற்றி டொலறஸ் அதிகம் கதைப்பதில்லை. கரைமணி வளர்ந்தது அந்த வருடத்தில்தான்.

முதலில் காசு வாங்கவில்லை. சனமே இருபது பவுண்ஸ் தாளை மடித்துக் கையில் திணித்தது. பெனிற்றா பெரிய வகுப்புக்கு வந்தபோது, "அம்மா, ஒரு விலை போடுங்கோ. இல்லாட்டி இது சாரிற்றி, சும்மா தருமம்," என்றாள். எண்பது பவுண்ஸ் என்று போட்டார்கள். முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்கும் சேர்த்துக் கட்டினால் கழிவு. பூக்கடை ஒன்று விளம்பரம் கேட்டு வந்தது. மண்டபம் ஒன்று வந்தது. தோர்ன்டன் ஹீத்தில் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் றஜீவன் வந்தான். செத்த வீட்டுச் சோறும் பிறந்தநாள் கேக்கும் ஒரே வான் வண்டியில் ஏற்றுகிறவன். ஊரில் டொலறசின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவனுடைய வீடு. கரைமணியின் தலைப்புக்குக் கீழேயே அவனுடைய விளம்பரம். வருகிற விளம்பரக் காசில் பாதி அவனுடையது.

சனம் எதை வாசிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க டொலறசுக்கு ஒரு வருடம் எடுத்தது. செத்தவரைப் பற்றி ஒரு வரி வாசிப்பார்கள். உடனே பெயர்ப் பட்டியலுக்குள் இறங்கிவிடுவார்கள். யாருக்கு யார் மருமகன், எவர் எந்த நாட்டில், யாரின் பெயரை விட்டிருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் கூகிளில் தேடுகிறவர்களும் வந்து விழுந்தார்கள். அதனால் பெனிற்றா ஒரு படிவம் செய்து கொடுத்தாள். குடும்பத்தவர் ஃபோனிலேயே நிரப்பலாம். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கட்டம்: 'உயிருடன்', 'காலஞ்சென்ற'. உயிருடன் என்றால் இடம் கட்டாயம். எல்லாம் நிரம்பினால் பச்சை எரியும். அறிவித்தல் தானாகவே வசனமாகி வந்து நிற்கும். டொலறஸ் படத்தைச் சரிபார்த்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும். இருபது நிமிடம். இன்னொரு ஊர்க்காரர் நடத்திய சைற்றுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. அந்த இருபது நிமிடத்தில்தான் கரைமணி எல்லோரையும் முந்தியது.

ஒரேயொரு கண்டிப்பு வைத்திருந்தாள். அறிவித்தலை அனுப்பியவர் சொன்னால் மட்டுமே திருத்தம். அதற்கும் ஒரு கதை. ஒருவருக்கு இரண்டு குடும்பம் இருந்தது அவர் இறந்த அன்றுதான் இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்தது. ஒரே நாளில் ஒன்பது தரம் மனைவியின் பெயரை மாற்றினாள். ஒன்பதாவது தரம் முடிந்த கையோடு பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சனம் கரைமணியை இன்னும் நம்பியது.

போன வருடம் ஈஸ்டரோடு பள்ளிக்கூட வேலையை விட்டாள்.

"சனம் சாகாமல் விட்டால் என்ன செய்வீர்?" என்று கேட்டான் ஜெராட்.

"சனத்துக்குப் பசிக்காமல் விட்டால் எண்டு றஜீவனை ஆரும் கேக்கிறவையோ?"

ஜெராட் பேப்பரை விரித்தான். வீட்டுக் கடனில் பாதியை அந்தப் பக்கம்தான் கட்டியது.

இந்த ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், றஜீவனின் தகப்பன் செபமாலைமுத்து ஊரில் இறந்தார். எண்பத்திரண்டு வயது. றஜீவனுக்கு இடுப்பு நாரியில் ஒப்பிரேசன் செய்து மூன்று கிழமை. பிளேனில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். படுத்த படுக்கையிலேயே படிவத்தை நிரப்பி அனுப்பினான். டொலறஸ் படத்தின் பின்னால் தெரிந்த கலண்டரை அழித்தாள், அழுத்தினாள். பதினெட்டு நிமிடம். அன்றிரவே பதினோராயிரம் பேர்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஃபோன் அடித்தது. மன்னாரிலிருந்து றஜீவனின் தங்கை பிறேமினி.

"அக்கா, என்னத்தை எழுதி வைச்சிருக்கிறியள்?"

"என்ன பிள்ளை? ஏன் அழுறாய்?"

"நிக்சனை. நிக்சனைக் காலஞ்சென்ற எண்டு போட்டிருக்கிறியள்."

டொலறஸ் நடையில் நின்றுவிட்டாள்.

நிக்சன் அந்த வீட்டின் கடைக்குட்டி. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாய் வட்டுவாகல் பாலம் கடந்தபோது தாயின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டவன். அவனைக் கடைசியாகக் கண்டது அங்கேதான். அவன் இருக்கிறான் என்று சொல்ல அதற்குப் பிறகு ஒரு ஆள் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. தாய் மேரிறோஸ் ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது சுவாமியாரிடம் இன்னொரு துண்டும் கொடுப்பார். சுகத்துக்காக வேண்டிக்கொள்ளும் பூசைக்கு. அதில் நிக்சனின் பெயர் மட்டும் இருக்கும். ஊர் முழுக்க அறிந்த விசயம். டொலறசும் அறிந்த விசயம்.

"அம்மா ஒண்டும் வாசிக்கமாட்டா அக்கா, கண் தெரியாது. காலமை ஸ்பீக்கர் கட்டின ஓட்டோக்காரன் உங்கட சைற்றைப் பாத்து ரோட்டு ரோட்டா வாசிச்சுக்கொண்டு வந்தவன். 'காலஞ்சென்ற நிக்சன், றஜீவன் லண்டன், பிறேமினி மன்னார் ஆகியோரின் பாசமிகு தந்தையும்' எண்டு. எங்கட படலையடியிலை வந்து வாசிச்சான். அம்மா எழும்பிப் போய் அப்பான்ரை பெட்டியிலை கையை வைச்சவ. இன்னும் எடுக்கேல்லை. மூட விடமாட்டாவாம். அதைத் திருத்தி, ஓட்டோக்காரன் திரும்ப வந்து வாசிச்சாப்பிறகுதான் எடுக்கலாமாம். மூண்டு மணிக்குப் பெட்டி மூடவேணும். சுவாமியார் வந்திட்டார். வெக்கை அக்கா இஞ்சை."

மன்னாரில் மூன்று மணி என்றால் லண்டனில் பத்தரை.

"நான் இப்பவே பாக்கிறன்," என்றாள் டொலறஸ். திறந்து பார்த்தாள். இருந்தது. கையால் ஒவ்வொரு பெயராய்த் தட்டிய காலமென்றால் அந்தப் பெயரில் விரல் நின்றிருக்கும். பதினெட்டு நிமிடத்தில் அவள் பார்த்தது கலண்டரை மட்டும்தான்.

றஜீவனுக்கு ஃபோன் அடித்தாள். எடுத்தான். விசயத்தைச் சொன்னாள்.

"தெரியும். எனக்கும் அடிச்சவள்," என்றான். "விடுங்கோ அக்கா. மாத்தாதேங்கோ."

"என்ன சொல்லுறீர்?"

"மாத்தாதேங்கோ எண்டுறன்." வைத்துவிட்டான்.

டொலறஸ் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்தாள். லண்டன் றோட்டில் பஸ் நாலு நிமிடத்தில் வரும் என்று பலகை காட்டியது. நாலு நிமிடம் நிற்க அவளால் ஏலாது. நடந்தாள். இரண்டு தரிப்பு கடந்தபோது அந்த பஸ் அவளை முந்திக்கொண்டு போனது. ஓடிப் பார்த்தாள், கதவு மூடிவிட்டது. திரும்பவும் நடந்தாள்.

நடக்கும்போது கணக்கு ஓடியது, நிறுத்த ஏலவில்லை. அனுப்பியவன் வேண்டாம் என்கிறான். அவன் சொல்லாமல் மாற்றினால் சிவப்பு வரி பொய்யாகிவிடும். நாளைக்கு ஒவ்வொரு மச்சானும் மச்சாளும் எனக்கும் மாற்று என்று வந்து நிற்பார்கள். தலைப்புக்குக் கீழே இருக்கிற விளம்பரம் போகும். மாற்றாவிட்டால்? ஊரில் ஒரு பெட்டி மூடாமல் வெக்கையில் கிடக்கும். கரைமணிதான் கிடத்தியது என்று சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் அதுதான் உண்மை.

றஜீவனின் மனைவி கதவைத் திறந்தாள். தலையில் சமையல் வலை, கையில் வான் வண்டித் திறப்பு. அன்றைக்கும் யாருக்கோ நூற்றிருபது சாப்பாடு. "உள்ளை கிடக்கிறார் அக்கா. என்னோடை கதைக்கிறாரில்லை. நீங்களாவது கதையுங்கோ," என்று சொல்லிவிட்டு அவசரமாய்ப் போனாள்.

முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் லப்டொப், அடக்கத்தின் நேரலைக்காகத் திறந்தபடி. றஜீவன் மல்லாந்து கிடந்தான். ஐந்து நாள் தாடி.

"ஏன் றஜீவன் அப்பிடிப் போட்டனீர்?"

"உங்கட ஃபோம் விடேல்லை."

"என்ன?"

"உயிருடன் எண்டு தட்டினால் இடம் போடு எண்டு சிவப்பிலை வருது. இடத்துக்கு நான் என்னத்தைப் போட? ஒரு கோடு போட்டுப் பாத்தன். விடேல்லை. புள்ளி போட்டன். விடேல்லை. மற்றக் கட்டத்தைத் தட்டினன். உடனை பச்சை."

"எனக்கு ஒரு கோல் அடிச்சிருக்கலாமே!"

"அடிச்சிருக்கலாம்." அவன் முகட்டைப் பார்த்தான். "பச்சை வந்த உடனை ஃபோனைத் தூக்கி வைச்சிட்டுப் படுத்தன் அக்கா. ஒப்பிரேசனுக்குப் பிறகு நான் விடியுமட்டும் நித்திரை கொண்டது அண்டைக்குத்தான். அப்பா செத்த அண்டைக்கு."

 டொலறஸ் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில் நடக்கத் தொடங்கினாள்.

"பதினாறு வருசம். அம்மா ஃபோனிலை வந்தால் முதல் கேள்வி என்ன தெரியுமோ? 'ஏதும் அறிஞ்சியோ?' எப்பிடி இருக்கிறாய், சாப்பிட்டியோ எண்டு இல்லை. லண்டனிலை நான் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறன் எண்டு நினைக்கிறா. நாரி வெட்டின அண்டைக்கும் அதுதான். 'ஏதும் அறிஞ்சியோ?' நான் ஒப்பிரேசன் தியேட்டராலை வந்து மயக்கம் தெளியாமல் கிடக்கிறன். இல்லையம்மா எண்டன்." தலையணையைச் சரிசெய்தான். "அவன் எனக்கும் தம்பிதான். எனக்கும் ஒருக்கா அழுது முடிக்க வேணும். அதுதான் விடுங்கோ எண்டுறன்."

"கொம்மா பெட்டியை விடுறாவில்லையாம்."

"விடுவா. எல்லாரும் சேந்து சொன்னால் விடுவா."

"கையைப் பிடிச்சு இழுத்துத்தான் விடவைக்கவேணும். அதை லைவிலை பாக்கப்போறீரோ?"

அவன் கண்ணை லப்டொப் பக்கம் திருப்பினான். கொஞ்சத்தால், "இருங்கோ அக்கா. நீங்கள் நடக்க எனக்கு நாரி குத்துது," என்றான்.

"இருக்க ஏலாது."

"காசு கட்டினவன் நான். அனுப்பினவர் சொன்னால்தான் மாத்துவம் எண்டு நீங்கள்தான் போட்டிருக்கிறியள். அந்த இரண்டு குடும்பக்காரன்ரை கதையை எனக்குச் சொல்லிச் சிரிச்சனீங்கள்தானே? இப்ப உங்கட றூல்ஸ் எங்கை?"

லப்டொப்பில் நேரம் ஒன்பது இருபத்தைந்து. டொலறஸ் பிறேமினிக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கம் செபமாலை சொல்லும் சத்தம், யாரோ கதிரை இழுக்கும் சத்தம்.

"அம்மாட்டைக் குடு," என்றாள் டொலறஸ்.

மூச்சு முதலில் வந்தது, பிறகு குரல்.

"ஆர்?"

"டொலறஸ், அன்ரி. லண்டனிலையிருந்து."

"எலிசபெத்தின்ரை மகளோ?"

"ஓம் அன்ரி."

"நீயோ பிள்ளை அவனைச் சாக்காட்டினது?"

றஜீவன் கண்ணை மூடினான். அவனுடைய கை போர்வையைப் பிடித்திருந்தது. டொலறஸ் அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஓம் அன்ரி," என்றாள். "நான்தான். பாக்காமல் விட்டிட்டன்."

"பாக்கிறேல்லையோ? என்ன, கறிக்கு உப்புக் கூடினாப்போலை சொல்லுறாய்."

"பிழைதான் அன்ரி."

"ரோட்டாலை வாசிச்சுக்கொண்டு போறான். அவன் எங்கையும் இருந்து கேட்டால் என்ன நினைப்பான்? அம்மா என்னைக் குழியிலை தாட்டுப்போட்டா எண்டு நினைக்கமாட்டானோ?"

"இப்ப மாத்திறன் அன்ரி. ஓட்டோக்காரனையும் திரும்ப வரச் சொல்லுறன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. மற்றப் பிள்ளையளின்ரை பேருக்குப் பக்கத்திலை லண்டன், மன்னார் எண்டு இடம் கிடக்கு. நிக்சனுக்கு என்ன போட?"

செபமாலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இடம் எனக்குத் தெரிஞ்சால் நான் அங்கை போய் நிக்கமாட்டனோ பிள்ளை?" என்றார் மேரிறோஸ். "விடு. வெறுமையா விடு."

டொலறஸ் ஃபோனிலேயே படிவத்தைத் திறந்தாள். நிக்சனுக்கு உயிருடன் என்று தட்டவில்லை. காலஞ்சென்ற என்றும் தட்டவில்லை. இடத்தை வெறுமையாக விட்டாள். அழுத்தினாள். சிவப்பு. திரும்ப அழுத்தினாள். சிவப்பு. ஒன்பது வருடமாய் அவள் கட்டிய பக்கம் அவளுக்கே வழி விடவில்லை.

பெனிற்றாவுக்கு அடித்தாள். பிள்ளைக்கு லிவர்பூல் ஸ்ட்ரீற்றில் முதல் வேலை. மூன்றாவது தரம்தான் எடுத்தாள்.

"அம்மா, நான் மீற்றிங்கிலை. ஸ்ரெயர்ஸிலை நிண்டு கதைக்கிறன்."

"ஃபோமிலை இடம் கட்டாயம் எண்டதைக் கழட்டு. உயிருடன், காலஞ்சென்ற எண்டதையும் தட்டாமல் விடலாம் எண்டு செய்."

"ஏன்? அப்பிடிச் செய்தால் எல்லாரும் வெறுமையா அனுப்புவினம் அம்மா. சனம் லேசி. பிறகு நீங்கள்தான் குந்தியிருந்து நிரப்பவேணும்."

"நிரப்புறன். கழட்டு."

"ஈவினிங் வந்து..."

"இப்ப, பெனிற்றா. ஒரு பெட்டி மூடாமல் கிடக்குது."

பிள்ளை அதற்குமேல் கேட்கவில்லை. படிக்கட்டில் இருந்தே ஏதோ செய்தாள். ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் டொலறஸ் நடந்தாள். றஜீவன் நாரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது ஐம்பத்தொன்றுக்குப் பச்சை எரிந்தது.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை," என்றான் றஜீவன்.

"தெரியும்."

"அனுப்பினவன் சொல்லாமல் மாத்திறியள்."

"ஓம். மாத்திறன்." அழுத்தினாள்.

'றஜீவன் (லண்டன்), பிறேமினி (மன்னார்), நிக்சன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று வந்தது. பிறந்த ஒழுங்கில் மூன்று பெயர்.

ஏற்கனவே படமாக்கி வட்சப்பில் ஓடியதை யாராலும் பிடிக்க ஏலாது. மற்ற சைற் கரைமணியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தது, அவர்களுக்கும் எழுதினாள். பிறேமினி ஓட்டோக்காரனைத் தேடிப் பிடித்தாள். அவன் பெற்றோல் காசு கேட்டானாம். மதிலில் கட்டியிருந்த அஞ்சலிப் பனரில் அந்தச் சொல்லின்மேல் யாரோ வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டினார்களாம். ஒவ்வொன்றாய்ச் செய்தி வந்தபடியிருந்தது. ஒன்றும் முடிந்ததாய் இல்லை.

பத்தரைக்கு நேரலை தொடங்கியது. படம் குலுங்கியது, யாரோ ஒரு பெடியனின் ஃபோன். வெயில், வெள்ளைச் சட்டைகள், மெழுகுதிரி. தூரத்தில் ஸ்பீக்கர் இழுபட்டு வந்தது. பெயர்கள் தெளிவாய்க் கேட்டன. ஓட்டோக்காரன் நிக்சன் என்ற இடத்தில் ஒரு கணம் தடுமாறினான். இடம் வரும் என்று பார்த்திருப்பான். பிறகு தொடர்ந்து வாசித்தான்.

மேரிறோஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மூடலாம் என்று தலையை ஆட்டினார்.

றஜீவன் லப்டொப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தான். அழுதான். தகப்பனுக்காகவா தம்பிக்காகவா என்று டொலறஸ் யோசிக்கவில்லை; தண்ணி எடுத்துவந்து கொடுத்தாள்.

"நீங்கள்தான் எண்டு ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டான் கொஞ்சத்தால்.

"உமக்கு இனியும் அவவோடை ஃபோனிலை கதைக்க இருக்கு. எனக்கு இல்லை."

பெட்டி படலையைத் தாண்டியது. படம் எடுத்த பெடியன் நடக்கத் தொடங்கினான். திரையில் நிலம் மட்டும் தெரிந்தது, செருப்புக்கால்கள்.

"அக்கா, அம்மா போனாப்பிறகு அவவின்ரை நோட்டீசையும் நான்தான் நிரப்பவேணும்," என்றான் றஜீவன். "அதிலை அவனுக்கு என்னத்தைத் தட்டுறது?"

 டொலறஸ் கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

பெனிற்றா சொன்னது சரியாய்ப் போயிற்று. கட்டாயம் இல்லை என்றதும் சனம் அரைகுறையாய் அனுப்பத் தொடங்கியது. ஓகஸ்டில் வந்த பத்தொன்பது அறிவித்தல்களில் பதினொன்றில் யாருக்காவது ஒரு கட்டமும் தட்டப்பட்டிருக்கவில்லை. டொலறஸ் ஒவ்வொருவருக்கும் அடித்துக் கேட்கவேண்டியிருந்தது. இருபது நிமிடம் ஒன்றரை மணித்தியாலமாய் இழுபட்டது. மற்ற சைற் இரண்டு தரம் முந்திவிட்டது. றஜீவனின் விளம்பரம் அந்த மாத முடிவோடு நின்றது. அவன் காரணம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. செப்ரெம்பரிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் பள்ளிக்கூடக் குசினிக்குத் திரும்பப் போகிறாள்.

"திரும்பப் பழையபடி பூட்டிவிடட்டோ அம்மா?" என்று பெனிற்றா ஞாயிறு தோறும் கேட்கிறாள். "பத்து நிமிச வேலை."

"பொறு, பாப்பம்," என்கிறாள் டொலறஸ்.

"அவ பூட்டமாட்டா," என்கிறான் ஜெராட் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "கொம்மாவுக்கு இப்ப எல்லாற்றை வீட்டுக் கதையும் நேரடியா வருது. இதுக்குச் சனம் காசு குடுக்கவேணும்."

அனேகம் பேர் மறதிதான். "ஐயோ அக்கா, சொறி, அவர் டென்மார்க்கிலை, நல்ல சுகமாய் இருக்கிறார், நேற்றும் சண்டை பிடிச்சவர்," என்பார்கள். ஒருத்தி தன் சொந்தப் புருசனையே நிரப்பாமல் அனுப்பியிருந்தாள். உயிருடன் என்று போடச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

போன கிழமை பேர்லினிலிருந்து ஒன்று வந்தது. ஒரு தாயின் அறிவித்தல். மருமக்கள் வரிசையில் ஒரு ஆணின் பெயர், பக்கத்தில் ஒன்றுமில்லை. அனுப்பியவள் அவருடைய மனைவி. டொலறஸ் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, ஏப்ரனைக் கழற்றாமலே அடித்தாள்.

"தங்கச்சி, கரைமணியிலையிருந்து கதைக்கிறன். எல்லாம் சரி, ஒரு பேருக்கு மட்டும் இடம் இல்லை. மறந்திட்டீரோ, இல்லாட்டி..."

அந்தப் பக்கம் ரிவிச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் அவள். "கதவைச் சாத்திப்போட்டு வாறன்."